குந்தினால் நோகிற முழங்கால்: கச்சான் காலத்து அனுபவங்கள்

விசுவமடுவிலிருந்து:

போன கச்சான் (நிலக்கடலை) அறுவடையோடுதான் எனக்கு இந்த முழங்கால் நோ தொடங்கியது. அரை ஏக்கர்தான் போட்டிருந்தோம். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. நானும் மச்சாளும் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை பதினொரு நாள் குந்தியிருந்து பிடுங்கி ஆய்ந்தோம். அதற்கு முந்திய ஒரு வருடமும் நான் கதிரையில் இருந்து தைத்தவள், அதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் நாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கக் குந்தினேன். இடது முழங்கால் சிரட்டைக்குப் பின்னால் மணலை வைத்து அரைத்த மாதிரி ஒரு நோ. எழும்ப முடியாமல் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா "வாதம்" என்றா. எண்ணெய், நொச்சியிலை ஒத்தடம் எல்லாம் நடந்தது. இரவில் இதமாக இருக்கும், விடிய அதே இடத்தில் நோ நிற்கும். சரி, குந்தினால்தானே நோகிறது என்று குந்துவதையே விட்டேன். அடுப்பை மேசைக்கு ஏற்றி, தேங்காய் துருவும் வேலையை மகளிடம் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் பஸ் மிதிபலகையில் இடது காலை வைத்து ஏறவே பயமாகிவிட்டது. நான் செய்த பிழை இதுதான். சும்மா விட்ட கால் சுகப்படவில்லை, மெலிந்துபோனது.

கிளினிக்கில் இருந்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சின்னப் பிள்ளை. முழங்காலைத் தொடவேயில்லை. கதிரையிலிருந்து ஒற்றைக் காலில் எழும்பச் சொன்னா. "அக்கா, இப்ப குனிஞ்சு உங்கட முழங்காலைப் பாருங்கோ." பார்த்தேன். எழும்ப எழும்ப அது மற்றக் காலை நோக்கி உள்ளே சரிந்தது. முப்பத்தெட்டு வருடம் என்னோடு இருக்கிற கால், ஒரு நாளும் நான் கவனித்ததில்லை.

அவ விளக்கியது இப்படி: சிரட்டை தொடையெலும்பின் முன்பள்ளத்தில் வழுக்கிப் போகிறது. ஆழமாகக் குந்தக் குந்த அதன்மேல் அழுத்தம் கூடும். அதைத் தாங்குவது தொடையின் முன்தசை, காலை நேரே பிடிப்பது இடுப்பின் பக்கத்துத் தசை. இரண்டும் பழக்கமில்லாதிருக்கிறபோது பதினொரு நாள் வேலையை ஒரேயடியாகக் கொடுத்தால் நோகாமல் என்ன செய்யும்? வீக்கமில்லை, கால் இறுகவில்லை, அதனால் எக்ஸ்றேயும் இப்போது தேவையில்லை என்றா. நோவில்லாமல் வெறும் "கறுக்" சத்தம் மட்டும் கேட்டால் அதற்குப் பயப்பட வேண்டாமாம்.

பயிற்சியை வீட்டுச் சாமான்களோடேயே சொல்லித் தந்தா. கதிரையில் ஒரு தலையணையை வைத்து, மெதுவாக இருந்து மெதுவாக எழும்புவது. பத்துத் தடவை, மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். பக்கவாட்டில் படுத்து மேற்காலைத் தூக்குவது. கொஞ்சம் நோகலாம், ஆனால் தாங்கவே முடியாத நோவுக்குப் பத்து என்றால் மூன்றைத் தாண்டக்கூடாது, மறுநாள் விடிய மிஞ்சியும் இருக்கக்கூடாது. அப்புறம் தலையணையை எடுத்துவிட்டு வெறும் கதிரை, பிறகு பிளாஸ்டிக் ஸ்டூல், பிறகு துருவலைப் பலகை, கடைசியாக நிலம். துருவலைக்கு வர எனக்கு ஒன்பது கிழமை எடுத்தது. அன்றைக்கு இரண்டு தேங்காய் துருவினேன், தேவை ஒன்றுதான்.

முள்ளியவளையிலிருந்து:

அக்கா சொல்வது சரி, ஆனால் எல்லா முழங்காலும் அந்த ரகமில்லை. நான் நெல் மூட்டை தூக்கக் குந்தி, எழும்பும்போது திரும்பினேன். உள்ளே "டக்" என்றது. இரவே வீங்கியது, விடியக் கால் நேரே நீளவில்லை, கதவில் கல் சிக்கிய மாதிரி. இப்படி இறுகினால் பயிற்சி, எண்ணெய் என்று வீட்டில் இருக்கக்கூடாது. முழங்காலுக்குள் மெத்தை மாதிரி இருக்கிற பிறைக் குருத்தெலும்பு கிழிந்திருந்தது.

இன்னொன்று, எங்கள் பக்கத்து ஆட்களுக்காகவே எழுதுகிறேன். எம்.ஆர்.ஐ. எடுக்கும் அறை வாசலில் "உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்கள். இல்லையென்று தலையாட்டிவிட்டு இரண்டடி வைத்த பிறகுதான் 2009 யுத்தம் ஞாபகம் வந்தது. ஷெல் துண்டு அதே காலில், பின்பக்கம். இத்தனை வருடத்தில் அது என் சதையாகிவிட்டது, மறந்தே போனேன். எம்.ஆர்.ஐ. மெஷினில் இருக்கிற பெரிய காந்தம் சில உலோகங்களை இழுக்கும், ஸ்கான் அவற்றைச் சூடாக்கவும் கூடும். முதலில் எக்ஸ்றே எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறதென்று பார்த்தார்கள். பிறகு ஸ்கானை விட்டுவிட்டு, கமராக் குழாய் விட்டுத்தான் கிழிந்த ஓரத்தைச் சீராக்கினார்கள். காயப்பட்ட ஆட்கள் யாரும் கேட்கும்வரை பார்த்திருக்காதேங்கோ, முதலே சொல்லுங்கோ.

செட்டிகுளத்திலிருந்து:

எங்கள் மாமிக்கு 64 வயது. எக்ஸ்றேயைப் பார்த்து ஒருவர் "தேய்ஞ்சு போச்சு" என்றார். அந்தச் சொல்தான் அவவைப் படுக்க வைத்தது. நடந்தால் மிச்சமும் தேயும் என்று வாசலைத் தாண்டவில்லை. பிறகு வேறொரு டொக்டர்தான், படத்தில் தெரிகிற தேய்வும் நோவும் எப்போதும் ஒரே அளவில் இருக்காது, மெல்ல நடக்கத்தான் வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். மலசலகூடத்தில் கொமட் வைத்தோம், சுவரில் ஒரு பிடி. கொமட் வைத்தால் மானம் போகாது, முழங்கால் மிஞ்சும்.

மாமி மருந்துக் கடையில் கேட்டு வாங்கி டைக்குளோபினாக் என்ற நோக் குளிசையை நாள்தோறும் போட்டுக்கொண்டிருந்தா. வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய்க்காரர் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் குளிசை சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கூடாது, பிரஷர் உள்ளவர்கள் கேளாமல் போடவே கூடாது. இப்போது பூசுகிற ஜெல்தான். அதோடு, முழங்கால் சிவந்து கொதித்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று இருக்காதேங்கோ.

விசுவமடுவிலிருந்து, திரும்ப:

தம்பி, கல் சிக்கிய மாதிரி என்றது நல்ல அடையாளம், எனக்கு அப்படி ஒருநாளும் வரவில்லை. இந்த முறை கச்சானுக்குக் கவிழ்த்த வாளியொன்றைக் கொண்டுபோனேன். அரை மணிக்கொரு தரம் எழும்பி வரம்பு முடியும்வரை நடந்துவிட்டு வந்தேன். மச்சாள் சிரித்தா, நாலாம் நாள் அவவும் வாளி கொண்டுவந்தா. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மற்றச் சனத்தோடு நிலத்தில்தான் இருந்தேன். எழும்பும்போது ஒரு கை ஊன்றினேன், அவ்வளவுதான்.