திங்கட்கிழமை ஸ்லைடில் நெளிந்த லார்வா

செலைன்சொட்டு:
லேபில் நாம் செய்த தப்புகளைச் சொல்வதென்றால், என்னுடையது இது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். திங்கட்கிழமை காலை, முந்தின வாரத்து மல மாதிரி ஒன்று மேசையிலேயே கிடந்தது. செலைனில் (உப்புநீரில்) போட்டு 10 எக்ஸ் லென்ஸில் வைத்ததும் ஒரு லார்வா சாட்டை சொடுக்குவது போல ஸ்லைடின் குறுக்கே நெளிந்து ஓடியது. கை நடுங்கிவிட்டது. முட்டை இருக்கிறதா என்றுகூடத் தேடவில்லை. ‘ஸ்ட்ராங்கிலாய்டிஸ் லார்வா’ (மலத்தில் லார்வாவாகவே வெளிவரும் குடற்புழு) என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாலையில் மேடம் அயோடின் விட்டுப் பார்த்தார். “வாயைப் பார்த்தியா?” என்று மட்டும் கேட்டார். நீளமான வாய்க்குழி. கொக்கிப்புழு, மலத்தில் முட்டையாக வருவது. முட்டைகள் டப்பாவுக்குள்ளேயே பொரிந்திருக்கின்றன. உடனே போன் போட்டு ரிப்போர்ட்டைத் திருத்தினோம்.

கவர்ஸ்லிப்:
உங்களுக்காவது ஸ்லைடில் புழு இருந்தது. எனக்கு வந்தது மகரந்தம்! உருண்டை, தடித்த ஓடு, அளந்தால் 35 மைக்ரான். நாடாப்புழு முட்டைக்குள் ஆறு கொக்கி இருக்கும் என்று படித்திருந்தேனா, ஆறும் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. மறுபடி மாதிரி வாங்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்த ஆறு கொக்கியை எங்கே பார்த்தேன் என்று இன்றைக்கும் புரியவில்லை.

பழையமேசை:
கவர்ஸ்லிப், அளவு பொருந்தினால் மட்டும் போதாது. ஓட்டில் ஆரம் ஆரமாகக் கோடு ஓட வேண்டும். அப்படியே முட்டைதான் என்றாலும் பன்றி நாடாப்புழுவா மாட்டு நாடாப்புழுவா என்று முட்டையை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் புழுவின் உடல் துண்டு (கண்டம்) கிடைத்து, கருப்பைக் கிளைகளை எண்ண வேண்டும். செலைன்சொட்டு, உங்கள் தப்பு சின்னது. தலைகீழாக நடந்திருந்தால்தான் ஆபத்து. ஸ்ட்ராங்கிலாய்டிஸைக் கொக்கிப்புழு என்று எழுதி, அந்த நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் புழு உடம்பு முழுக்கப் பரவிவிடும். லார்வா தெரிந்தால் முதலில் மாதிரி எத்தனை மணிக்கு வந்தது என்று பாருங்கள். அப்புறம் அயோடின் விட்டு அதை அசையாமல் நிறுத்தி, 40 எக்ஸில் வாய்க்குழி: குட்டையாக இருந்தால் ஸ்ட்ராங்கிலாய்டிஸ், நடு உடம்பில் இனப்பெருக்க உறுப்பாக வளரும் திட்டும் பெரிதாகத் தெரியும். என் கதை என்றால், கேட்டோ-காட்ஸ் ஸ்லைடை (கிளிசரினில் ஊறிய செலோபேன் தாளால் மலத்தை மூடி முட்டை எண்ணுவது) போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் கொக்கிப்புழு முட்டைகள் கிளிசரினில் கரைந்து காணாமலே போயிருந்தன. ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன்.

அயோடின்கறை:
அறிவுரை நீளம், கதை நாலு வரி! எனக்கு ஒருவர் டப்பாவில் கொண்டுவந்தது மண்புழு. உடம்பெல்லாம் வளையம். உருளைப்புழு வழவழவென்று இருக்கும். “கழிப்பறையில் கிடந்தது” என்றார். அது வயிற்றிலிருந்து வரவில்லை என்று சொன்னால் அவர் நம்பவே இல்லை.

செலைன்சொட்டு:
பழையமேசை சார், மாதிரி வந்த நேரத்தைப் பார்க்கச் சொன்னீர்கள். டப்பா மேலேயே இருந்தது சார். சனிக்கிழமை, காலை 9.10. எழுதினது நான்தான்.