எழுதிய கட்டுரையை வாசகரிடம் கொண்டுசேர்ப்பது எப்படி?

கேள்வி – பெரம்பூர் வாசகி

நண்பர்களுக்கு வணக்கம். எந்தப் பத்திரிகையிலும் ஊழியராக இல்லாமல், கட்டுரைக்கு இவ்வளவு என்ற கணக்கில் மூன்று ஆண்டுகளாக எழுதிவருகிறேன். சென்னையின் ஏரிகள், கோயில் குளங்கள், மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவையே என் களம். இணைய இதழ்களில் வெளிவருபவை போக மற்றவற்றை என் சொந்தத் தளத்தில் இடுகிறேன்.

கடந்த ஏப்ரலில், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மழைநீர்ச் சேகரிப்புக் குழிகளைத் தூர்வாருவது பற்றி விரிவாக ஒரு கட்டுரை எழுதினேன். கொளத்தூரிலும் மடிப்பாக்கத்திலும் ஆறு குடியிருப்புகளுக்கு நேரில் சென்று, மூடியைத் திறந்து, அடியில் சேறு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று கம்பை விட்டு அளந்து பார்த்து எழுதியது அது. இணைப்பைப் பதினான்கு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். இரண்டு நாட்களில் முப்பத்தெட்டுப் பேர் படித்திருந்தார்கள். ஒரு குழுவின் அட்மின், விளம்பரங்களுக்கு இங்கே இடமில்லை என்று எழுதிவிட்டு என்னை நீக்கிவிட்டார். அன்றிலிருந்து எதையும் பகிரக் கை எழவில்லை.

என் கட்டுரையை நானே எடுத்துச் சொல்வது தவறா? தவறில்லையென்றால், யாருக்கும் தொந்தரவாக இல்லாமல் அதை எப்படிச் செய்வது? இதழ்களில் வந்தவற்றை என் தளத்தில் மறுபடி வெளியிடலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – மாம்பலத்துக்காரர்

சகோதரிக்கு வணக்கம். நாளிதழ் ஒன்றில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது உங்களைப் போலவே தனியாக எழுதுகிறேன். தவறே இல்லை. நாளிதழில் இருந்தவரை, நாங்கள் எழுதியதை விடியற்காலையில் வாசலில் கொண்டுபோய்ப் போட ஏஜென்டுகளும் சைக்கிளில் போகும் பையன்களும் இருந்தார்கள். அந்த வேலையும் இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆனாலும் அந்த அட்மின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே வாசகத்தைப் பதினான்கு இடங்களில் ஒட்டினால், படிக்கிறவர்களுக்கு அது பால்காரர் கணக்குக்கும் லிஃப்ட் பழுதுக்கும் நடுவே வந்து நிற்கும் அறிவிப்பாகத்தான் தெரியும். உங்கள் கட்டுரையைத் தேடிப் படித்தேன். ஆறில் இரண்டு குடியிருப்புகளில் குழியின் மூடியைச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள் என்றும், மாடித் தண்ணீர் முழுவதும் நேராகத் தெரு வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது என்றும் மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். குழுவில் முதலில் வர வேண்டியது அந்தச் செய்திதான். "மொட்டைமாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று மழைக்கு முன் ஒருமுறை பாருங்கள்" என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு, இணைப்பைக் கீழே வையுங்கள். இணைப்பைத் தொடாமல் போகிறவருக்கும் அந்த இரண்டு வரி பயன்பட வேண்டும். அப்படி எழுதப்பட்டதை யாரும் விளம்பரம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, காலம். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்றாலும், குடியிருப்புச் சங்கங்களுக்கு அந்த நினைவு வருவது வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதுதான். கத்திரி வெயில் தொடங்கவிருந்த நேரத்தில் நீங்கள் வெளியிட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டுரை பழையதாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். செப்டம்பர் நடுவில், தூர்வாரும் கூலி முதலான விவரங்களைச் சரிபார்த்து, திருத்திய தேதியையும் குறிப்பிட்டு மறுபடி வெளியே கொண்டுவாருங்கள். ஏரிகளைப் பற்றி எழுதியவற்றுக்கும் இதே கணக்குத்தான். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பிறகு அந்த நாளையொட்டி அதைத் தேடிப் படிக்க ஆர்வமுள்ளவர்கள் இருக்கிறார்கள். கோயில் குளங்களுக்கு ஆகஸ்ட் 22, சென்னை நாள், பொருத்தமாக இருக்கும். நான் இப்படி ஆண்டு நாட்காட்டி ஒன்றில் என் பழைய கட்டுரைகளைக் குறித்துவைத்திருக்கிறேன். சொத்துவரி பற்றி எழுதியதை அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் எடுத்து விடுவேன், ஒவ்வொரு முறையும் புதிய வாசகர்கள் வருகிறார்கள்.

பதினான்கு குழுக்களைக் காட்டிலும், சங்கச் செயலாளர்கள் நான்கு பேருக்குத் தனித்தனியே எழுதுவது மேல். அந்த ஆறு குடியிருப்புகளுக்கும் கட்டுரையை அனுப்பினீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் – அடையாறு வலைத்தளப் பணியாளர்

அக்கா, உங்கள் இணைப்பைத் திறந்து பார்த்தேன். மாம்பலம் ஐயா சொன்னவற்றோடு, தொழில்நுட்பக் கோளாறு ஒன்றும் இருக்கிறது. முகவரியில் தலைப்பை அப்படியே தமிழில் விட்டிருக்கிறீர்கள். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்தோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள்) இணைப்பாக நகலெடுக்கப்படும்போது ஒன்பது எழுத்துகளாக விரியும். "மழைநீர்" என்ற ஒரு சொல் மட்டுமே சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த 63 எழுத்துகள் ஆகிவிடும். உங்கள் தலைப்பு முழுவதும் என் கைபேசியில் பதினோரு வரிக்கு நீண்டது. வைரஸ் இணைப்போ என்று பயந்தே பலர் தொட்டிருக்க மாட்டார்கள். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களாகச் சுருக்குங்கள். பழைய முகவரிக்கு வருபவர்கள் புதியதற்குத் திருப்பப்படும்படி செய்துவிடுங்கள்.

இணைப்போடு படமும் வரவில்லை. பக்கத்தின் ஓப்பன் கிராஃப் குறிப்புகளில் (இணைப்பைப் பகிரும்போது என்ன காட்ட வேண்டும் என்று பக்கத்தின் நிரலுக்குள் எழுதிவைப்பவை) தலைப்பு, சுருக்கம், படம் மூன்றையும் கொடுத்தால் வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் அவற்றை எடுத்துக் காட்டும். 1200க்கு 630 பிக்சல் அளவு போதும். நீங்கள் கம்பை விட்டு அளக்கும் அந்தப் படத்தையே வையுங்கள். நானாக இருந்தால் அதைப் பார்த்தே உள்ளே வந்திருப்பேன்.

கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்தச் சொற்களைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்று அதில் தெரியும். நீங்கள் "சேகரிப்புக் குழி" என்று எழுதியிருப்பீர்கள், மக்கள் "ரெயின் வாட்டர் பிட்" என்று தேடியிருப்பார்கள். அந்தச் சொல்லும் கட்டுரையில் ஓரிடத்தில் இயல்பாக வந்துவிட்டால் நல்லது.

பதில் – உயர்நீதிமன்ற வட்டாரத்திலிருந்து

மறுவெளியீடு பற்றி மட்டும் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் எழுதுகிறவரே பொதுவாகத் தன் கட்டுரையின் முதல் உரிமையாளர். அந்த உரிமை இதழுக்கு மாற்றித் தரப்பட்டது என்றால், 19ஆம் பிரிவின்படி அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். ஆகவே கட்டுரை ஏற்கப்பட்டபோது வந்த மின்னஞ்சல்களையும், நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளையும் முதலில் எடுத்துப் படியுங்கள். முன்பு ஓர் இணைய இதழ், கையெழுத்திட்ட தாள் எதுவும் இல்லாமலேயே எல்லா உரிமையும் தனக்குத்தான் என்று எனக்கு எழுதியது. பிரிவைக் குறிப்பிட்டுப் பணிவாகப் பதில் எழுதியதும் மறுவெளியீட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். தடை இல்லாவிட்டாலும், சில வாரங்கள் கழித்து, முதலில் எங்கே வந்தது என்று குறிப்பிட்டு வெளியிடுவதே முறை. அடுத்த கட்டுரை கேட்கப்போவதும் அதே ஆசிரியர்தான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முகவரியைச் சுருக்கிவிட்டேன், படமும் இப்போது வருகிறது. மாம்பலம் ஐயா கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும்: மூடியைத் திறந்து காட்டிய அந்த ஆறு குடியிருப்புகளுக்கும் நான் கட்டுரையை அனுப்பவே இல்லை. இன்று காலை அனுப்பினேன். மடிப்பாக்கத்தில் சிமெண்ட் பூசியிருந்த குடியிருப்பின் செயலாளர், அடுத்த பொதுக்குழுவில் படிக்க அச்சுப்பிரதி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.