சன்ஸ்கிரீனுக்கு ‘வெயில்காப்பு’: என் கருத்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வெயிலிலிருந்து தோலைக் காக்கப் பூசும் ‘சன்ஸ்கிரீன்’ பற்றித் துண்டறிக்கை தயாரிக்கும் அம்மையார், அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: சூரியத் திரை, கதிர்த்தடுப்பான், நிறங்காப்பான், வெயில்காப்பு. என் வாக்கு கடைசிச் சொல்லுக்குத்தான். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். துண்டறிக்கையைப் படித்தவர் மருந்துக்கடையில் எதைப் பார்த்து வாங்குவார், வாங்கியதை எப்படிப் பூசுவார் என்பதையும் இந்தச் சொல்தான் தீர்மானிக்கப் போகிறது.

> நேராகச் ‘சூரியத் திரை’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

திரை என்றால் ஜன்னலில் தொங்குவது, சினிமாக் கொட்டகையில் இருப்பது. உடம்பில் பூசுவதை நாம் அப்படிச் சொல்வதில்லை. காப்பு என்று சொல்வோம். சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு எல்லாம் மேனி முழுக்கச் சாத்துவதுதான். திருவொற்றியூரில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் ஆதிபுரீஸ்வரரின் கவசத்தைத் திறந்து தைலக்காப்பு சாத்துவார்கள். அந்த வரிசையில் நின்றவர்களுக்குக் காப்பு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மேற்பூச்சு, பாதுகாப்பு என்ற இரண்டு பொருளும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன.

இன்னொரு வசதியும் உண்டு. காப்பு என்றால் தாராளமாகச் சாத்துவது. சன்ஸ்கிரீனில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். அட்டையில் எஸ்.பி.எஃப். என்று போட்டிருக்கும் காப்பு எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துக் கிடைத்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒன்றரை கிராமுக்கு மேல் வரும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடி முதல் நுனி வரை பிதுக்கினால் ஏறத்தாழ அந்த அளவு. அப்படித் தினமும் ஒரு வேளை பூசினாலே 50 கிராம் டியூப் ஒரு மாதத்தில் காலியாகிவிடும். ஆறு மாதமாக அதே டியூப் ஓடுகிறது என்றால் அட்டையில் உள்ள காப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கணக்கைத் துண்டறிக்கையில் தனிப் பெட்டியாகப் போடச் சொல்லி அம்மையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

> ‘கதிர்த்தடுப்பான்’தான் அறிவியல்படி துல்லியம்.

இதை நான் ஏற்கவில்லை. தடுப்பான் என்றதும் முழுக்கத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் கொண்டுவந்த விதிகளில் ‘சன்பிளாக்’ (வெயிலைத் தடுப்பது) என்று அட்டையில் போடக்கூடாது என்றே சொல்லிவிட்டது. ‘வாட்டர்புரூஃப்’ என்பதற்கும் அதே தடை. தோலைக் காந்தவைக்கும் கதிரில் எஸ்.பி.எஃப். 30 ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 ஏறத்தாழ 98. நூறு எதிலும் இல்லை. அதுவும் சரியான அளவு பூசி, வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசினால்தான்.

வெயிலில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைச் சொல்லிலேயே சேர்க்க வேண்டும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மைப் போன்ற மாநிறத் தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருக்கவைக்கிறது. அதற்காகத்தான் சில பூச்சுகளில் இரும்பு ஆக்சைடு சேர்த்துத் தோல் நிறத்திலேயே விற்கிறார்கள். ‘புற ஊதா’ என்று சொல்லை இறுக்கிவிட்டால் இவை வெளியே நின்றுவிடும். வெயில் என்றால் இரண்டும் அடங்கிவிடும். அப்புறம், துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ளதைப் பூசி முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது என்று சன்ஸ்கிரீனையே விட்டவர்களுக்கும் நிறம் கலந்த வெயில்காப்பு நல்ல வழி.

‘நிறங்காப்பான்’ வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சிவப்பழகு விளம்பரங்கள் நம் பிள்ளைகளுக்குச் செய்த கெடுதல் போதும். பிறவி நிறத்தில் காப்பாற்ற வேண்டிய குறை எதுவும் இல்லை. இந்தப் பூச்சு யாரையும் வெளுக்கவைக்கவும் செய்யாது. வெயில் பட்டுக் கூடுதலாகக் கருப்பதைக் குறைக்கும், மங்கு படர்வதைக் கட்டுக்குள் வைக்க உதவும், தோல் சீக்கிரம் மூப்படைவதைத் தள்ளிப்போடும். அவ்வளவே.

அடுத்தது, யாரும் இன்னும் தொடாத இரண்டு சொற்கள். எஸ்.பி.எஃப்.புக்குச் ‘சூரியப் பாதுகாப்புக் காரணி’ என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த எண் அளப்பது தோல் சிவந்து காந்துவதை மட்டும்தான். அதற்கு முக்கியக் காரணம் 290 முதல் 320 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர். உடனடியாகக் கருப்பதற்கு முக்கியக் காரணம் 320 முதல் 400 வரையிலான யு.வி.ஏ. என்ற இன்னொரு வகை. இது சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஏ.சி. பஸ்ஸின் ஜன்னலோரம் தினமும் உட்கார்ந்து போகிறவருக்குத் துளிக் காந்தலும் இருக்காது, ஆனால் அந்தப் பக்கக் கை மட்டும் கருத்திருக்கும். இதை அளப்பது, அட்டையில் கூட்டல் குறிகளோடு வரும் பி.ஏ. குறியீடு. ஜப்பானில் 1996இல் வந்தது. நான்காவது கூட்டல் குறியை 2013இல் சேர்த்தார்கள். யு.வி.ஏ. பட்ட தோல் சில மணி நேரம் கழித்தும் எவ்வளவு கருத்திருக்கிறது என்று பார்த்துத்தான் கூட்டல் குறி போடுகிறார்கள்.

ஆகவே எஸ்.பி.எஃப்.பைக் ‘காந்தல் காப்பெண்’ என்றும் பி.ஏ.வைக் ‘கருமைக் காப்புத்தரம்’ என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. கருக்கக் கூடாது என்று வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்: காப்பெண் 30க்குக் குறையாமல், காப்புத்தரம் மூன்று கூட்டலாவது. வெறும் எஸ்.பி.எஃப். எண்ணைப் பெரிதாகப் போட்டு, யு.வி.ஏ. பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத டியூப்பை வாங்காமலிருப்பது நல்லது.

‘டேன்’ ஆவதற்குப் ‘பழுப்பேறல்’ என்று வந்திருக்கிறது. பழுப்பேறுவது இலையும் பழைய புத்தகமும். நாம் ‘வெயிலில் கருத்துட்டே’ என்றுதான் கேட்கிறோம், ‘வெயில்கருமை’ போதும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் கைப்பிடி மேல் இருக்கும் விரல்கணுக்களைப் பாருங்கள், செருப்பு வார் படிந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும் பாதத்தைப் பாருங்கள். முகத்தில் பூசுகிறவர்கள்கூட இந்த இரண்டு இடத்தையும் பின்கழுத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

‘வெயில்’ என்று வைத்தால் கத்திரிக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட மாட்டார்களா என்ற கவலை எனக்கும் உண்டு. சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும். ஆகஸ்டில் மேகமூட்டமாக, கொஞ்சம் இதமாகக்கூட இருக்கும்; புற ஊதாவோ கடுமையாகவே இருக்கும், மேகத்தின் ஊடாகவும் வரும். புற ஊதாவின் கடுமையைச் சொல்லும் புற ஊதாச் சுட்டெண் 3ஐத் தொட்டாலே காப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைச் சொல்லுக்குள் திணிக்க முடியாது. விளக்கத்தில் ஒரு வரி எழுதிவிடலாம்.

‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்பதற்கு ‘நீர்தாங்கும்’ என்று போடலாம், ‘நீர்புகா’ வேண்டாம். அமெரிக்க அட்டைகளில் 40 அல்லது 80 நிமிடம் என்று வரம்பு கட்டியிருப்பார்கள். நம் ஊர் வியர்வைக்கு முகத்தைத் துடைத்ததுமே மறுபடி பூச வேண்டியிருக்கும்.

பூச்சில் சேர்க்கும் அவோபென்சோன், ஆக்டோகிரைலீன் போன்ற வேதிப்பெயர்களை அப்படியே எழுதலாம், அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ‘வெயிற்காப்பு’ என்று புணர்த்தி எழுதுவதா, ‘வெயில்காப்பு’ என்று விடுவதா என்பது மட்டும் பாக்கி. படிக்க எளிது என்பதால் நான் இரண்டாவதன் பக்கம். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
அடையாற்றிலிருந்து