வெள்ளைக் குள்ளன் மாட்டிக்கிச்சு

நிவி: கிடைச்சிடுச்சு!!! 40 எரிடனி பி. மூணு ராத்திரி தேடினது 😭

சித்தி: என்னடி கிடைச்சது? மணி 11 ஆகுது, தூங்கலையா

நிவி: நட்சத்திரம் சித்தி. வெள்ளைக் குள்ளன், அதாவது எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தோட சுருங்கின மிச்சம். 40 எரிடனில ஏ, பி, சின்னு மூணு நட்சத்திரம், அதுல இது பி. இருங்க, போட்டோ

நிவி: 📷

கார்த்தி: அக்கா, ஒரே கருப்பா இருக்கு. மூடியைக் கழட்டினியா? 😂

நிவி: போன்ல விழலடா. ஒளியளவு 9.5. நல்ல இருட்டுலயே வெறுங்கண்ணுக்கு 6 வரைக்கும்தான்

மாமா: நம்பர் ஏற ஏற மங்கல், கார்த்தி. எப்படிம்மா பிடிச்சே?

நிவி: ஓரியன்ல பளிச்சுன்னு இருக்கிற ரைகல் நட்சத்திரத்துல இருந்து மேற்கே, கையை நீட்டி மடக்கினா ஒண்ணரை முஷ்டி தூரம் மாமா. அங்க ஆரஞ்சா ஒண்ணு, 4.4, அதான் ஏ. பக்கத்துல ஊசிமுனை மாதிரி வெள்ளையா ஒரு புள்ளி. வானம் வேற வெளுத்திருந்துச்சு. நேரா முறைச்சா காணோம், கடைக்கண்ணால பார்த்தா இருக்கு

சித்தி: ரொம்பத் தொலைவோ?

நிவி: 16 ஒளியாண்டுதான், அடுத்த வீடு! சூடும் 17,000 கெல்வின் பக்கம், சூரியனைப் போல மூணு மடங்கு. ஆள்தான் பொடிசு. குறுக்களவு பூமியைப் போல ஒண்ணரை மடங்கு, அதுக்குள்ள சூரியன்ல பாதிக்கு மேல நிறை

மாமா: 1910ல வானியலாளர் ரஸ்ஸலையே குழப்பின ஆள் அது. இவ்ளோ மங்கல்னா சிவப்பாதானே இருக்கணும்? ஹார்வர்டுல வில்லியமினா ஃபிளெமிங் நிறமாலையைப் பார்த்து ஏ வகைன்னுட்டாங்க. அதாவது வெள்ளை. ஹெர்ஷல் 1783லயே பார்த்தது, என்னன்னு புரிய நூத்துச் சொச்சம் வருஷம்

கார்த்தி: சிரியஸ் நட்சத்திரத்தோட ஜோடி சிரியஸ் பியும் வெள்ளைக் குள்ளன்தானே, இதைவிடப் பிரகாசமாச்சே, அதைப் பார்த்திருக்கலாமே

நிவி: அது 8.4தான். ஆனா சிரியஸ் அதைப் போல கிட்டத்தட்ட 10,000 மடங்கு பிரகாசம், ஒட்டி வேற இருக்கு. கண்ணு கூசி ஒண்ணும் தெரியாது. இங்க ஏ, பி ரெண்டுக்கும் நடுவுல 80 ஆர்க்செகண்டுக்கு மேல (ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்டு)

மாமா: சி-யும் தெரிஞ்சுதா? சிவப்புக் குள்ளன், 11

நிவி: நம்ம 70 மி.மீ. டெலஸ்கோப்ல பார்த்தேன்னா பொய் மாமா

சித்தி: நாளைக்கு எனக்கும் காட்டு. கண்ணாடி போட்டுக்கணுமா?

நிவி: கிட்டப்பார்வைதானே, ஃபோகஸ்ல சரி பண்ணிடலாம். ஆனா லைட்டெல்லாம் அணைச்சிட்டு 20 நிமிஷம் இருட்டுல உக்காரணும். போனும் பார்க்கக் கூடாது

சித்தி: 20 நிமிஷமா 😳

கார்த்தி: சித்தி அவுட்