புதுப்பிப்பு: மதுரையிலிருந்து ராமேஸ்வரம், கையைக் கடிக்காமல்

ராமேஸ்வரத்துக்கு ரயிலா, பஸ்ஸா, எது மலிவு என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. என் ஓட்டு முன்பதிவில்லாத ரயிலுக்குத்தான்.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றபின், மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்கும் நிலை இருந்தது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததால் நேராகவே போய்விடலாம். பகல் ரயிலில் போகச் சொன்னவர்களுக்கு நன்றி. இரண்டு பக்கமும் கடல், நடுவில் கப்பலுக்காகச் செங்குத்தாக மேலே தூக்கும் 72.5 மீட்டர் பகுதி, பக்கத்திலேயே 1914-இல் திறந்த பழைய பாலம். பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

தனுஷ்கோடிக்கு ஆட்டோக்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும் பஸ் நிலையத்துக்கு நடையைக் கட்டினேன். அரசு டவுன் பஸ்ஸே தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போகிறது. 1964 புயலில் இடிந்த தேவாலயத்தைப் பார்க்க வழியில் இறங்கிக்கொள்ளலாம். அங்கே பொரித்த மீன் வாங்குவதானால் விலையை முதலில் கேளுங்கள், அப்புறம் சாப்பிடுங்கள்!

சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் பாட்டில் கட்டாயம்.