ஒரு ஏரியாவை டிக் செய்தால் மற்றதெல்லாம் 0 ஆகிறதே, கணக்கு எங்கே தப்பு?

அல்சூர்9
பெங்களூரு வாடகை வீட்டுத் தேடல், எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில். சோதனைக்கு 10 வீடு: அல்சூர் 4, இந்திராநகர் 3, ஜெயநகர் 3. அவற்றில் 2 பெட்ரூம் முறையே 3, 1, 2. மீதி 1 பெட்ரூம். அல்சூர், 2 பெட்ரூம் இரண்டையும் டிக் செய்தால் 3 வீடு வருகிறது, சரி. ஆனால் இந்திராநகர் 0, ஜெயநகர் 0 என்று விழுகிறது. இன்னொன்று: லிஃப்ட் 5, பார்க்கிங் 6, கூட்டினால் 11. இருப்பதே 10 வீடுதானே!

பிட்மேப்
ஒரே ஃபேசட்டுக்குள் (ஏரியா, பெட்ரூம் மாதிரி ஒரு ஃபில்டர் பிரிவு) 'அல்லது', ஃபேசட்டுகளுக்கு நடுவே 'மற்றும்'. ஒவ்வொரு ஃபேசட்டிலும் டிக் ஆனவற்றின் சேர்ப்பை எடுத்து, அவற்றை வெட்டினால், அதாவது எல்லாவற்றிலும் பொதுவாக உள்ளதை மட்டும் எடுத்தால், விடை. எண்ணிக்கைக்கு மட்டும் விதி வேறு: ஏரியாவை எண்ணும்போது ஏரியா ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும். உங்களுக்கு 3, 1, 2 வரணும். பெட்ரூம் பக்கம் ஏரியா ஃபில்டர் மட்டும்: 2 பெட்ரூம் 3, 1 பெட்ரூம் 1.

ஃபில்டரை குவெரிக்குள் வைத்திருப்பீர்கள். அக்ரிகேஷன் (எண்ணிக்கை போடும் பகுதி) அதில் மிஞ்சியதைத்தான் பார்க்கும். டிக் ஆனவற்றை போஸ்ட் ஃபில்டருக்கு (எண்ணிக்கையைத் தொடாமல் விடையை மட்டும் வடிகட்டுவது) மாற்றி, ஒவ்வொரு அக்ரிகேஷனுக்கும் மற்ற ஃபேசட்டுகளின் ஃபில்டரை மட்டும் போடுங்கள்.

11 தப்பில்லை, ஒரே வீட்டில் இரண்டும் இருக்கலாம். இரண்டும் உள்ளவை 3 என்றால் 5 + 6 − 3 = 8. ஃபேசட் தலைப்பில் எண் போடுவதானால் அந்த 8தான்.

மாடிவீடு
வசதி ஃபேசட்டுக்கு அந்த 'அல்லது' விதி ஆகாது. லிஃப்ட், பார்க்கிங் இரண்டையும் டிக் செய்பவர் இரண்டும் உள்ள வீட்டைத்தான் கேட்கிறார். அங்கே 'மற்றும்' போட்டு, சொந்த ஃபில்டரையும் அப்படியே வையுங்கள். லிஃப்ட் டிக் ஆனதும் பார்க்கிங் 3க்கு இறங்கணும். கழற்றினால் 6 என்று காட்டும், க்ளிக் செய்தால் 3 வரும், ஆளுக்கு எரிச்சல்தான்.

'லிஃப்ட் உள்ள 2 பெட்ரூம்' மாதிரி கலவை மதிப்பு இருந்தால் முதலில் அதை உடைத்துவிடுங்கள். ஒரு ஃபேசட்டுக்கு ஒரே பண்பு. நம்ம சீர்காழிக்காரர், நூலக அறிஞர் ரங்கநாதன் 1933லேயே கோலன் பகுப்பு என்ற நூல் வகைப்பாட்டில் பொருளை இப்படித்தான் முகம் முகமாக (ஃபேசட்) பிரித்தார்.

அல்சூர்9
6 ஃபேசட்டில் டிக் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வெட்டா? இழுக்காதா?

பிட்மேப்
நேராகச் செய்தால் ஒவ்வொன்றுக்கும் மற்ற ஐந்தை வெட்ட 4, ஆக 24 வெட்டு. பிட்மேப்பை (எந்த வீடு பொருந்துகிறது என்று 0, 1 ஆகக் குறிக்கும் வரிசை) நீங்களே கையாண்டால், இடமிருந்து வலம் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போகும் திரட்டு 4, வலமிருந்து இடம் 4, நடுவில் உள்ள நான்குக்கு முன்திரட்டும் பின்திரட்டும் சேர்க்க 4: மொத்தம் 12. டிக் ஆகாத ஃபேசட்டுக்கு முழு விடைக் கணமே போதும், தனி வேலை இல்லை.