பத்மினி காரை மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைக்கணும்

கேள்வி:
ராயபுரம், கடலுக்குக் கிட்ட. என் பழைய பிரீமியர் பத்மினி கார் அக்டோபர்லேர்ந்து ஜனவரி வரை ஷெட்டுல நிக்கும். பேட்டரியைக் கழட்டி தார்ப்பாய் போட்டா போதுமாண்ணே?

பதில் 1:
தார்ப்பாய் வேண்டவே வேண்டாம் தம்பி. உள்ளே வேர்த்து, அந்த ஈரம் உப்போட சேர்ந்து தகரத்தைத் தின்னும். காட்டன் கவர் போடு. அதுக்கு முன்னாடி அடிப்பக்கத்தை நல்ல தண்ணியில அடிச்சுக் கழுவு. கதவோட கீழ் விளிம்புல வடிகால் ஓட்டை இருக்கும். சேறு அடைச்சிருந்தா கம்பி விட்டுக் குத்து. துரு அங்கேதான் ஆரம்பிக்கும். வெயில்ல நல்லா காஞ்சதும் மூடு.

பதில் 2:
பெட்ரோல்தான் பெரிய தலைவலி. இப்போ பங்க்ல கிடைக்கிறது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணியோட பிரிஞ்சு டேங்க் அடியில தங்கிடும். டேங்கை ரொப்பி வைங்க, ஈரக்காத்துக்கு இடமிருக்காது. முதல்ல எஞ்சின் ஆயிலை மாத்துங்க, பழசுல அமிலம் சேர்ந்திருக்கும். பிறகு டேங்க்லேர்ந்து எஞ்சின் பக்கத்து பெட்ரோல் பம்புக்கு வர்ற ஹோஸைக் கழட்டி அடைச்சுட்டு, எஞ்சின் தானா நிக்கிற வரை ஓடவிடுங்க, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காத்தோட கலக்குற பாகம்) காலியாகிடும். ஆறினதும் ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, கிராங்கை (எஞ்சினோட சுழல் தண்டை) கையால ரெண்டு சுத்து சுத்துங்க.

பதில் 3:
ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீங்க, பிரேக் ஷூ சக்கரத்தோட டிரம்ல ஒட்டிக்கும். முதல் கியர், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினா சார்ஜ் போடணும். எலி நுழையாம சைலன்சர் வாயில ஸ்டீல் நார் அடைங்க. அடைச்சதை எழுதி ஸ்டியரிங்ல கட்டுங்க, பொங்கலுக்கு மறந்துடுவீங்க!